கையொப்பத்துக்கு முன் ஒரு கேள்வி: பெற்றோர் பார்வையில் பள்ளி மேலாண்மைக் குழு

"இதுல என்னா எழுதியிருக்கு மிஸ்? ஒரு தடவ படிச்சுக் காட்டுங்க. அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவர் பேனாவைக் கையில் பிடித்தபடி இப்படிக் கேட்டார். மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் வேலை செய்பவர். மகள் எங்கள் பள்ளியில் நான்காம் வகுப்பு. அதற்கு முந்தைய ஐந்து கூட்டங்களிலும் அவர் எதுவும் கேட்காமல் கையொப்பமிட்டிருந்தார். நானும் படித்துக் காட்டியதில்லை. தலைமையாசிரியர்களில் பலரைப் போலவே, கூட்டத்துக்கு முன்பே தீர்மானத்தை எழுதி வைத்துக்கொள்வது என் வழக்கம். நேரம் மிச்சமாகும், பதிவேடும் சுத்தமாக இருக்கும்.

அன்று படித்தேன். மூன்றாவது தீர்மானம் இது: "கழிப்பறைத் தூய்மை குறித்து விவாதிக்கப்பட்டது. நல்ல முறையில் பராமரிக்கப்படுவதாகக் குழு திருப்தி தெரிவித்தது."

"நாங்க எப்ப மிஸ் அப்படிச் சொன்னோம்? எம் பொண்ணு காலையில இருந்து தண்ணியே குடிக்கிறதில்ல. சாயங்காலம் வீட்டுக்கு ஓடி வருது. கேட்டா கதவுக்குத் தாழ்ப்பா இல்லங்குது."

மாணவியர் கழிப்பறை இரண்டில் ஒன்றின் தாழ்ப்பாள் கழன்று போயிருந்தது. மற்றொன்றில் எப்போதும் வரிசை. தூய்மைப் பணியாளர் நாள்தோறும் கழுவுகிறாரா என்று நான் பார்த்தேன், தாழ்ப்பாளைப் பார்க்கவில்லை. பிள்ளைகள் என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டார்கள், அம்மாக்களிடம் சொன்னார்கள். அந்த அம்மாக்களில் ஏழு பேர் என் எதிரில் உட்கார்ந்திருந்தும், அவர்களிடம் கேட்காமலே அவர்கள் 'திருப்தி தெரிவித்ததாக' எழுதி வைத்திருந்தேன். அன்று எனக்கு ஏற்பட்ட வெட்கம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 21-ஆவது பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியது. உறுப்பினர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். வாய்ப்பு மறுக்கப்பட்ட, நலிவடைந்த பிரிவுகளைச் சேர்ந்த குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப இடம் தர வேண்டும்.

குழுவின் பணிகளாகச் சட்டம் மூன்றைக் குறிப்பாகச் சொல்கிறது: பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணித்தல், பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரித்துப் பரிந்துரைத்தல், பள்ளிக்கு வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்பதைக் கண்காணித்தல். 22-ஆவது பிரிவு மேம்பாட்டுத் திட்டத்தைப் பற்றித் தனியாகவே பேசுகிறது.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் அரசு உதவி பெறும் பள்ளிகள் அதிகம். அங்குள்ள ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி உதவி பெறும் பள்ளிகளிலும் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும் இக்குழு ஆலோசனை மட்டுமே கூறலாம். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு 21-ஆவது பிரிவு பொருந்தாது. ஆகவே, ஒரே தெருவில் உள்ள மூன்று வகைப் பள்ளிகளில் பெற்றோரின் உரிமை மூன்று விதமாக இருக்கிறது. எல்லாவற்றிலும் அதிக உரிமை அரசுப் பள்ளிக்கும் மாநகராட்சிப் பள்ளிக்கும் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்குத்தான். ஆனால், அந்த உரிமை இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் 2022-இல் 'நம் பள்ளி நம் பெருமை' என்ற பெயரில் இக்குழுக்கள் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன. 20 உறுப்பினர்களில் 15 பேர் பெற்றோர். தலைவர் பொறுப்பு ஒரு தாய்க்கு. அதே ஆண்டு பிப்ரவரி 19 அன்றுதான் சென்னை மாநகராட்சித் தேர்தல் நடந்தது. 2016 அக்டோபருக்குப் பிறகு மாமன்றமே இல்லாதிருந்த நகரத்தில் வார்டு உறுப்பினர்கள் வந்தார்கள், குழுக்களிலும் இடம் பெற்றார்கள். 2024-இல் நடந்த அடுத்த மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டனர்.

பெற்றோர் என்ன நினைக்கிறார்கள்?

தாழ்ப்பாள் கூட்டத்துக்குப் பிறகு, வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் பெற்றோரிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வந்தேன்: "பள்ளிக்கூடத்தை நடத்துறதுல உங்க வேலை என்னன்னு நினைக்கிறீங்க?" இந்த மூன்று பகுதிகளிலும் மாறி மாறிப் பணியாற்றியதால் பழைய மாணவர்களின் பெற்றோரிடமும் கேட்க முடிந்தது. இதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால், கிடைத்த பதில்கள் நான்கு வகையாகத் திரும்பத் திரும்ப வந்தன.

முதல் வகை: "புள்ளைய நேரத்துக்கு அனுப்பறது எங்க வேலை. நடத்தறது உங்க வேலை." இதை அக்கறையின்மை என்று நான் வெகுநாள் எண்ணியிருந்தேன். பேசிப் பார்த்தால் இதில் மரியாதையே அதிகம். "நீங்க படிச்சவங்க, நாங்க என்னத்தச் சொல்றது" என்ற தயக்கம் அது.

இரண்டாம் வகை: "என்னா வாங்கித் தரணும், சொல்லுங்க." பெற்றோர் என்றால் கொடை தருபவர் என்ற எண்ணம் இது. இதற்கு நம் மண்ணில் நெடிய வரலாறு உண்டு. காமராசர் ஆட்சியில், நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது, 1950-களின் இறுதியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. ஊர் மக்கள் பெஞ்சும் கடிகாரமும் தந்தார்கள், சிலர் நிலமும் கட்டடமும் தந்தார்கள். அது நாம் பெருமைப்பட வேண்டிய இயக்கம். பெற்றோர் ஆசிரியர் கழகமும் பெரும்பாலும் அந்தத் தடத்திலேயே நடந்தது. அந்தப் பழக்கத்தின் மறுபக்கம், கொடுக்க எதுவும் இல்லாதவர் தனக்குப் பள்ளியில் பேச இடமில்லை என்று நினைத்துக்கொள்வது. மேலாண்மைக் குழுவில் இடம் பெற ஒருவரிடம் பணம் இருக்க வேண்டியதில்லை, பள்ளியில் ஒரு பிள்ளை இருந்தால் போதும். இந்த வேறுபாட்டை நாம் எடுத்துச் சொல்வதில்லை.

மூன்றாம் வகை: "கையெழுத்துப் போடத்தானே கூப்பிடுறீங்க." இதைச் சொன்னவர் தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கும் தாய். 2021-இல் தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியது நமக்குத் தெரியும். "உக்காரச் சட்டம் வந்துடுச்சு மிஸ். ஆனா வெள்ளிக்கிழம மூணு மணிக்கு ஸ்கூலுக்குப் போறேன்னா அரை நாள் சம்பளம் புடிச்சுப்பாங்க. அரை நாள் சம்பளத்த உட்டுட்டு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போகணுமா?" அவர் கணக்கில் தவறில்லை. கூட்டத்துக்கு வருவதால் ஒன்றும் மாறாது என்றால் வராமல் இருப்பதே அவருக்கு லாபம்.

நான்காம் வகை: "சொன்னா புள்ளைய ஏதாச்சும் பண்ணிடுவாங்களோன்னு பயம்." இதைச் சொன்னவர்கள் கூட்டத்தில் சொல்லவில்லை. பள்ளி வாசலில், குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். தாழ்ப்பாள் விவகாரம் ஐந்து மாதம் வெளியே வராததற்குக் காரணம் இந்தப் பயமாகவும் இருக்கலாம். ஆசிரியராகிய நமக்குக் கசக்கும் பதில் இது. ஆனாலும் நாம் காது கொடுத்துக் கேட்க வேண்டியது இதைத்தான்.

தகவல் மட்டும் போதுமா?

இவர்களுக்கு உரிமையைச் சொல்லிக் கொடுத்தால் போதுமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். 2005, 2006-ஆம் ஆண்டுகளில் உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில் 'பிரதம்' அமைப்புடன் இணைந்து நடந்த ஓர் ஆய்வு வேறு பாடம் சொல்கிறது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோரும் ருக்மிணி பானர்ஜியும் அதில் பங்கேற்றனர். அங்கே கிராமக் கல்விக் குழு என்று ஒன்று இருப்பதே பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியவில்லை. உறுப்பினர்களிலும் சிலருக்குத் தாம் உறுப்பினர் என்பது தெரியவில்லை. ஆய்வாளர்கள் சில ஊர்களில் கூட்டம் நடத்திக் குழுவின் உரிமைகளை விளக்கினார்கள். சில ஊர்களில் பிள்ளைகளின் வாசிப்புத் திறனைப் பெற்றோரே சோதித்துப் பார்க்கவும் கற்றுத் தந்தார்கள். இரண்டாலும் பெற்றோர் ஈடுபாடு கூடவில்லை, பள்ளியும் மாறவில்லை. இவற்றோடு ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி தந்து வாசிப்பு வகுப்பும் நடத்த வைத்த ஊர்களில் மட்டும், அந்த வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று. 'உங்களுக்கு உரிமை இருக்கிறது' என்று அறிவிப்பதால் மட்டும் பெற்றோர் எழுந்து நிற்பதில்லை. அவர்களால் செய்து முடிக்கக்கூடிய ஒரு வேலை கையில் இருக்க வேண்டும், அது முடிந்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

எங்கள் பள்ளியில் மாற்றியவை

பெரிதாக எதுவும் செய்யவில்லை. ஐந்து பழக்கங்களை மாற்றிக்கொண்டோம்.

ஒன்று, தீர்மானத்தைக் கூட்டத்திலேயே எழுதுகிறோம். எழுதியதும் உரக்கப் படிக்கிறோம். பெற்றோர் சொன்ன வார்த்தை அதில் இருக்கிறதா என்று அவர்களே சரிபார்த்த பிறகுதான் கையொப்பம், செயலியில் பதிவேற்றம்.

இரண்டு, ஒவ்வொரு கூட்டமும் சென்ற கூட்டத்தின் தீர்மானத்தோடு தொடங்குகிறது. முடிந்தது எது, முடியாதது எது, ஏன் முடியவில்லை என்று நான் சொல்ல வேண்டும். முதல் முறை நான் சொன்ன 'முடிந்தது' தாழ்ப்பாள். மதிய இடைவேளையில் ஆள் வைத்துப் பொருத்தினோம், செலவு சில நூறு ரூபாய். தலைவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தித் திறந்து பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கண்காணித்தல் என்று சட்டம் சொல்வதன் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கியது.

மூன்று, கோரிக்கைகளை மூன்றாகப் பிரிக்கிறோம்: பள்ளியே செய்யக்கூடியவை, மண்டல அலுவலகத்துக்கு எழுத வேண்டியவை, அரசுக்கு அனுப்ப வேண்டியவை. மயிலாப்பூர் தேனாம்பேட்டை மண்டலத்திலும், தியாகராய நகர் கோடம்பாக்கம் மண்டலத்திலும் வருகின்றன. அடையாறு தனி மண்டலம். சுற்றுச்சுவரையும் கூடுதல் வகுப்பறையையும் நம்மால் கட்ட முடியாது. அது யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பெற்றோரின் கோபம் ஆசிரியர் மேல் விழுவதில்லை. வார்டு உறுப்பினர் கூட்டத்துக்கு வரும் நாளில் இரண்டாவது பட்டியலை அவர் கையில் பெற்றோரே கொடுக்கிறார்கள்.

நான்கு, பள்ளி மானியத்தைக் கரும்பலகையில் எழுதிவிடுகிறோம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் நெறிமுறைப்படி 101 முதல் 250 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு ரூ.50,000. அதில் குறைந்தது பத்து விழுக்காடு தூய்மைப் பணிகளுக்கு. இந்தத் தொகையைப் பார்த்த ஒரு தந்தை, "அவ்ளோதானா? நான் லட்சக்கணக்குல வருதுன்னு இல்ல நினைச்சேன்" என்றார். அதுவரை பணம் எங்கோ போகிறது என்று சந்தேகப்பட்டவர், மின்விசிறி பழுது பார்க்கத் தெரிந்த தன் நண்பரை அடுத்த வாரம் அழைத்து வந்தார்.

ஐந்து, வர முடியாதவர்களின் குரலுக்கு வழி. கூட்டம் அரசு அறிவித்த நாளில்தான் நடக்கிறது. ஆனால், அதற்கு முந்தைய வாரத்தில் காலையில் பிள்ளையை விட வரும்போதும் மாலையில் அழைத்துப் போகும்போதும் வாசலில் நின்று ஒரே கேள்வி கேட்கிறோம்: "இந்த மாசம் கூட்டத்துல என்ன பேசணும்?" நொச்சிக்குப்பம் போன்ற கடலோரப் பகுதிகளில் விடியற்காலையில் கடலுக்குப் போய்வந்த தந்தையர் பிற்பகலில் வீட்டில் இருப்பார்கள். வீட்டு வேலை செய்யும் தாய்மாருக்கு அதே பிற்பகலில்தான் இரண்டாவது சுற்றுப் பாத்திரம் காத்திருக்கும். ஒரே நேரம் எல்லோருக்கும் பொருந்தாது. வாசலில் கேட்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

வாசலில் வந்த ஒரு கோரிக்கை

அப்படிக் கேட்டதில் வந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கால்வாய்க் கரையில் இருந்த குடும்பங்கள் சில பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. பிள்ளைகளைப் படிப்பின் நடுவில் வேறு பள்ளிக்கு மாற்ற மனமில்லாமல், வேலைக்கு வரும் தாய்மார் கூடவே பேருந்தில் அழைத்து வந்தார்கள். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் வேறு பேருந்து வந்தாலும் ஏறாமல் அந்தப் பேருந்துக்காகக் காத்திருக்கிறார்கள், நேரமாகிவிடுகிறது. நாங்கள் தாமதத்துக்காகப் பிள்ளைகளைக் கடிந்துகொண்டிருந்தோம். தாமதமாக வந்த பிள்ளைக்குக் காலை உணவும் கிடைக்கவில்லை என்பது வருகைப் பதிவேட்டில் தெரியாது. ஒரு தாய் வாசலில் சொன்னார்: "திட்டுங்க மிஸ், பரவால்ல. ஆனா சாப்பாட்ட மட்டும் எடுத்து வையுங்க."

அந்த மாதக் கூட்டத்தில் தீர்மானம் இரண்டே வரி: பேருந்து தாமதமாகும் பிள்ளைகளின் காலை உணவைத் தனியே எடுத்து வைப்பது, அவர்கள் சாப்பிட்ட பிறகு வகுப்புக்கு அனுப்புவது. இதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை. பசித்த பிள்ளை படிக்காது என்பதை இந்த நகரம் நூறாண்டுக்கு முன்பே புரிந்துகொண்டது. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவர்களுக்கு உணவளிக்க முடிவெடுத்தபோது அதற்குத் தலைமை வகித்தவர் சர் பிட்டி தியாகராயர். தியாகராய நகரின் பெயர் அவருடையது. திட்டத்தை அரசு தரும். அது எந்தப் பிள்ளையின் தட்டுக்கு வந்து சேரவில்லை என்பதைப் பெற்றோரால்தான் சொல்ல முடியும்.

நம் அச்சங்கள்

'பெற்றோருக்கு இடம் கொடுத்தால் தலைக்கு மேல் ஏறிவிடுவார்கள்' என்று சக ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். உலகில் சில இடங்களில் பெற்றோருக்கு நம்மைவிட மிகப் பெரிய அதிகாரம் உண்டு. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு மன்றம் அமைந்தது: பெற்றோர் ஆறு பேர், பகுதிவாசிகள் இருவர், ஆசிரியர் இருவர், தலைமையாசிரியர். தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுப்பதே அந்த மன்றம்தான். நம் மாநிலத்தில் 2022-இல் 13,331 தற்காலிக ஆசிரியர் பணியிடங்களை மேலாண்மைக் குழு வழியாக நிரப்ப அரசு முடிவு செய்தபோது எதிர்ப்பும் எழுந்தது, நீதிமன்ற வழக்கும் நடந்தது. அதிகாரம் கூடினால் நடைமுறையும் தகுதி விதிகளும் தெளிவாக இருக்க வேண்டும் என்பதை அது காட்டியது.

எங்கள் குழுவிலும் ஓர் எல்லை வகுத்திருக்கிறோம். தனி ஆசிரியர் ஒருவரைப் பற்றிய புகாரைக் கூட்டத்தில் பேசுவதில்லை, அதை என்னிடம் தனியே சொல்லலாம். சொன்னவர் பெயர் வெளியே போகாது என்று ஒவ்வோர் ஆண்டும் முதல் கூட்டத்தில் உறுதி தருகிறேன். பிள்ளைக்கு ஏதாவது நேருமோ என்ற அச்சத்துக்கு என்னால் தர முடிந்த பதில் இதுதான். அந்த அச்சம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், குறைந்திருக்கிறது.

உயர்நிலை, மேல்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு சொல். பிள்ளை மேல் வகுப்புக்குப் போகப் போக, "பாடம் எங்களுக்குப் புரியாது" என்று பெற்றோர் விலகுகிறார்கள். குழுவின் வேலை பாடம் நடத்துவதில்லையே. குடிநீர், ஆய்வகம் திறந்திருக்கும் நேரம், மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து பெண் பிள்ளைகள் வீடு திரும்பும் வழி, இடைநின்ற பிள்ளையின் வீட்டு நிலைமை ஆகியவற்றைப் பேசப் பட்டம் தேவையில்லை. பதிவேட்டைப் படிக்க இயலாத பெற்றோருக்கு அவர்களின் பிள்ளையே படித்துக் காட்டலாம்.

அடுத்த கூட்டத்துக்கு முன் ஆசிரியர் நண்பர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். பழைய தீர்மானப் பதிவேட்டைத் திறந்து, 'விவாதிக்கப்பட்டது', 'திருப்தி தெரிவிக்கப்பட்டது' என்று முடியும் வரிகளை எண்ணிப் பாருங்கள். என் பதிவேட்டில் ஓர் ஆண்டில் அத்தகைய வரிகள் இருபதுக்கும் மேல் இருந்தன. பெற்றோரின் வாயிலிருந்து வந்த வாக்கியம் ஒன்றுகூட இல்லை.

எங்கள் தலைவரின் மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. தண்ணீர் பாட்டிலை மதியத்துக்குள் காலி செய்துவிட்டு மறுபடி நிரப்பப் போகிறாள்.